கொனாடுவின் சிவப்பு

நாளைய பத்திரிகைப் பக்கத்தின் மாதிரி கைப்பேசிக்கு வந்தபோது பிராகோ அலுவலகத்துக்கு எதிர்க் கடையில் புளித்த சோள மாவு உருண்டையான கென்கியைப் பிட்டு மிளகாய்ச் சாந்தில் தோய்த்துக்கொண்டிருந்தாள். தான் எடுத்த படத்தைப் பெரிதாக்கினாள். கை வாய்க்குப் போகாமல் நின்றது.

கறுப்பு உடுத்திய பெண்களுக்கு நடுவே கொனாடு வெள்ளை உடுத்தி நின்றாள்.

உண்மையில் அவள் உடுத்தியிருந்தது சிவப்பு. தங்கம் தோண்டும் குழி சரிந்து செத்த பையனின் சாவுக்கு, பெற்றவளும் உடன்பிறந்தவர்களும் உடுத்தும் சிவப்பு. கொனாடு பெற்றவள் அல்ல. தாய் இல்லாத பிள்ளையை வளர்த்த மாற்றாந்தாய். “இவளுக்கு எதுக்குச் சிவப்பு?” என்று பையனின் தாய்மாமன் எல்லார் முன்னாலும் கேட்டார். அவள் துணியை இன்னும் இறுக்கிக் கட்டிக்கொண்டு நின்றாள். பையனைக் குழிக்குள் அனுப்பியதே அவள்தான் என்று அந்த வீட்டில் பேச்சு. சனிக்கிழமை, சாவுக்கு வராத பெரியவர்களும் சேர்ந்து, குடும்பம் கூடி அவளை ஊரில் வைப்பதா, விரட்டுவதா என்று முடிவு செய்யும். பத்திரிகை அதற்கு முந்தின நாளே அங்கே போய்விடும்.

வெள்ளையோ நிறைவாழ்வு வாழ்ந்து முடித்தவர்களுக்கு, நன்றி சொல்லி உடுத்துவது. பையன் போனதைக் கொண்டாடினாள் என்பார்கள்.

உள்பக்கம் வண்ணம் இல்லாதது என்பதால் மதியம் பிராகோவேதான் படத்தைக் கறுப்புவெள்ளையாக மாற்றினாள். அழாமல் பல்லைக் கடித்து நின்ற கொனாடுவின் முகம் இருட்டில் கிடந்தது. கணினியில் சிவப்பு நிறத்தின் அளவைத் தூக்கினால் பழுப்புத் தோல் வெளிச்சமாகும். தூக்கினாள். முகம் மேலே வந்தது, கூடவே துணியும் வெளுத்தது. அப்போது பிராகோ முகத்தை மட்டுமே பார்த்திருந்தாள்.

அலுவலகத்துக்குள் ஓடினாள். பக்க ஆசிரியர் அஜெமாங் நிமிரவில்லை.

“வண்ணப் பக்கத்துல போட முடியாதா சார்?”

“அங்க சோப்பு விளம்பரம். நீ போய் நுரையத் தள்ளிட்டு உக்காந்துக்கோ.”

“அப்ப படத்த மாத்தணும்.”

“அரை மணி நேரம் தரேன். மூஞ்சிய மட்டும் தடவி வெளுக்காத. போன வருஷம் அப்படிச் செஞ்சவன் இப்பக் கல்யாண வீடியோ எடுக்குறான்.”

சிவப்பை இறக்கினாள். துணி கறுத்தது. முகம் மூழ்கிப்போனது. ஏற்றினாள், இறக்கினாள். நடுவில் நிறுத்தினால் துணி சாம்பலாகி, எந்தச் சாவுக்கும் சேராமல் நின்றது. இது தன் படமா, கொனாடுவின் படமா என்று முதல்முறையாக யோசித்தாள். கொனாடுவை அழைத்தாள்.

“என்னடி போட்டோக்காரி, என்னைய ராணியாக்கிட்டியா?”

பிராகோ நடந்ததைச் சொன்னாள். “முகம் தெரிஞ்சா துணி வெள்ளையாயிடுது. துணி கறுப்பானா முகம் தெரியல. எது வேணும் அக்கா?”

அந்தப் பக்கம் ஆடு ஒன்று கத்தியது.

“என் மூஞ்சிய ஒரு வாரமாப் பாத்துட்டுதான் இருக்காங்க. என்னத்தக் கண்டாங்க? கறுப்பாவே போடு.”

“ஆனா சிவப்புன்னு தெரியாது. எல்லாரோடயும் ஒருத்தியாத்தான் தெரிவீங்க.”

“வெள்ளைக்கு அது மேல்,” என்றாள் கொனாடு. குரல் இறங்கியிருந்தது.

பிராகோ இருண்ட படத்தை அனுப்பினாள். கீழே, ‘சிவப்பு உடுத்தி நிற்பவர் கொனாடு’ என்று எழுதினாள். அஜெமாங் படித்துவிட்டு, “கறுப்புப் படத்துக்குச் சிவப்புன்னு எழுதுறா. நல்லா இருக்கு,” என்றார். ஆனால் அந்த வரியை அடிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை முழுவதும் கைப்பேசி அடித்தபோதெல்லாம் பிராகோ பாய்ந்து எடுத்தாள். சனிக்கிழமை காலை கொனாடுவே அழைத்தாள்.

“சாவுக்கு வராத பெரியவங்க முன்னால மாமன் பேப்பர நீட்டி, ‘எங்கடி சிவப்பு? பேப்பர்க்காரிக்கே உன்னக் கண்டா பொய் வருது’ங்கறார். உங்கிட்ட கலர்ல இருக்குல்ல?”

“இருக்கு.”

“கூட்டம் மத்தியானம். சீக்கிரம் வா.”

பேருந்து நிலையத்தருகே இருந்த கடையில் பிராகோ வண்ணப் படத்தை அச்சுப்போடக் கொடுத்தாள். ஈரம் காயாமல் வந்த படத்தில் கொனாடுவின் முகம் பாதி இருட்டில்தான் இருந்தது. துணி மட்டும் எரிந்தது. வாசல் வெயிலில் பிடித்துப் பார்த்தாள். ஓரத்தில் கொஞ்சம் ஆரஞ்சு அடித்ததோ?

“இன்னொண்ணு போடுங்க,” என்றாள்.

“இதுவே நல்லாத்தான இருக்கு மேடம்?”

“இது அந்தச் சிவப்பு இல்ல.”

வெளியே வண்டிக்காரன் கொனாடுவின் ஊர்ப் பெயரைக் கூவிக்கொண்டிருந்தான். இயந்திரம் மறுபடி முனகத் தொடங்கியது. அவள் அதன் வாயைப் பார்த்தபடி நின்றாள்.