ரிவர்ஸ் இல்லாத வேன்

தானாக மாறவேண்டிய மூன்றாவது கியர் விழமாட்டேன் என்று அடம்பிடித்தது. ஹார்லன் மிதிக்க மிதிக்க எஞ்சின்தான் அலறியதே தவிர, வேன் அதே நாற்பது மைல் வேகத்தில் உருண்டது. "விழுந்து தொலையேன்! இன்னிக்கு ஒரு நாள் மானத்தைக் காப்பாத்தேன்!" என்று ஸ்டியரிங்கைக் குத்தினான். முதுகில் ஓங்கி உதைத்ததுபோல் ஒரு குலுக்கல் குலுக்கி, கியர் விழுந்தது. அரை நிமிஷம்தான். மறுபடி நழுவிவிட்டது. மணி ஐந்து ஐம்பது.

லைமாவிலிருந்து வான் வெர்ட் பெட்ரோல் பங்குக்கு இருபத்தெட்டு மைல். அங்கே ஆறு மணிக்கு ஜனெல் தங்கள் இரண்டு பெண்களையும் கூட்டிக்கொண்டு வருவாள். அவள் ஊருக்கும் இவன் ஊருக்கும் அதுதான் நடுவழி. விவாகரத்து ஆனதிலிருந்து ஒரு வாரம் விட்டு ஒரு வாரம், வெள்ளி முதல் ஞாயிறு வரை பெண்கள் இவனிடம். அரை மணிக்கு மேல் தாமதமானால் அந்த வாரம் கிடையாது என்று நீதிபதி எழுதியே கொடுத்திருக்கிறார். ஏற்கெனவே இரண்டு தடவை கோட்டைவிட்டாயிற்று. மூன்றாவது தடவை நடந்தால் மறுபடி கோர்ட்டுக்குப் போவேன் என்று ஜனெல் சொல்லியிருக்கிறாள். சொன்னால் செய்கிறவள்.

ஓஹையோவில் ஒரு வேதவாக்கு உண்டு. பழைய வண்டியின் கியர் ஆயிலைத் தொடக் கூடாது, தொட்டால் வண்டி செத்துவிடும். ஹார்லன் வேலைசெய்யும் தொழிற்சாலையின் சாப்பாட்டு அறையில் இதை ஓதாத ஆளே கிடையாது. அவனும் பத்து வருஷம், ஒரு லட்சத்து எண்பதாயிரம் மைல், ஒரு சொட்டு மாற்றவில்லை. அதைப் பெருமையாக வேறு சொல்லிக்கொண்டு திரிந்தான். கியர் நழுவ ஆரம்பித்து, தீய்ந்த வாடையும் தாங்காமல், போன சனிக்கிழமை கறுத்துப்போன ஆயிலை வடித்துவிட்டுப் புதிதாக ஊற்றினான். அன்று மாலையே ரிவர்ஸ் போய்விட்டது. "நாங்க சொல்லலை?" என்று பண்டிதர்கள் குதித்தார்கள். பத்து வருஷமாகத் தேய்ந்தது இன்றைக்குத்தான் வெளியே தெரிகிறது என்று மெக்கானிக் சொன்னதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அந்த ஒரு வாரத்தில் ஹார்லன் பின்னால் போகாமல் பிழைக்கப் பழகிக்கொண்டான். எங்கே நிறுத்தினாலும் முன்பக்கம் திறந்திருக்க வேண்டும். கடைக்குப் போனால் கோடியில் நிறுத்திவிட்டு நடப்பான். விஷயம் ஜனெலுக்குத் தெரிந்தால் பெண்களை இந்த வேனில் ஏற்றவே விடமாட்டாள். அந்த நினைப்பே அவனைத் தூங்கவிடவில்லை.

பங்குக்குள் நுழைந்தபோது ஆறு இருபத்து நாலு. வாகனம் நிறுத்தும் இடத்தின் ஓரத்தில், வேனின் மூக்கு சாலையைப் பார்க்கும்படி நிறுத்தினான். ஜனெல் தன் காரில் சாய்ந்து கைகட்டி நின்றாள்.

"இருபத்து நாலு நிமிஷம்."

"ரோட்ல வேலை நடக்குது."

"எந்த ரோட்ல? நான் வந்த ரோடெல்லாம் நல்லாத்தான் இருந்துது."

ஏழு வயது போஸி ஓடிவந்து ஹார்லன் இடுப்பைக் கட்டிக்கொண்டது. பன்னிரண்டு வயது மேரன் பையோடு வந்து, வேனில் ஏறி முன்சீட்டில் உட்கார்ந்தாள். பிள்ளைகளோடு போகிறவர் முதலில் கிளம்ப வேண்டும், மற்றவர் நின்று பார்த்துவிட்டுப் போக வேண்டும். மூன்று வருஷமாக அதுதான் அவர்களுக்குள் வழக்கம்.

போஸியைப் பின்சீட்டில் ஏற்றிவிட்டு அவன் சாவியைத் திருகிய நேரத்தில், குதிரை ஏற்றும் நீள டிரெய்லரை இழுத்துக்கொண்டு ஒரு பிக்கப் வந்து, சரியாக அவன் மூக்குக்கு முன்னால் குறுக்கே நின்றது. ஓட்டிவந்த ஆள் இறங்கி, பக்கத்து ஓட்டலுக்குள் சாவகாசமாக நடந்தான்.

பின்னால் மைதானம்போல இடம் காலியாகக் கிடக்கிறது. வேறு யாராக இருந்தாலும் ரிவர்ஸ் போட்டுப் போயிருப்பார்கள். ஹார்லன் எஞ்சினை நிறுத்திவிட்டு இறங்கி முன் கண்ணாடியைத் துடைத்தான். டயரை உதைத்துப் பார்த்தான். மறுபடி கண்ணாடியைத் துடைத்தான்.

"கிளம்பலை?" என்று ஜனெல் குரல் கொடுத்தாள்.

"இதோ... ஒரே பூச்சியா ஒட்டிக்கிட்டிருக்கு."

ஏறி உட்கார்ந்தான். மேரன் அவன் பக்கம் சாய்ந்து கிசுகிசுத்தாள். "அப்பா, ரிவர்ஸ் போச்சா?"

"உனக்கு யாரு சொன்னது?"

"யாராவது சொல்லணுமாக்கும்! போஸிக்கு பாத்ரூம் வருதுன்னு அம்மாகிட்ட சொல்லட்டுமா? அந்த டிரெய்லர்காரர் வர்ற வரைக்கும் உள்ளயே இருந்துடறோம். போன தடவை எஞ்சின் கத்தினதைக்கூட நான் அம்மாகிட்ட மூச்சுவிடலை. போஸி வாயையும் அடைச்சு வச்சிருக்கேன்."

அவள் அதைச் சமர்த்தாகச் சொன்னாள். அந்தச் சமர்த்துதான் ஹார்லனைக் கொன்றது. அரை மணி நேரக் கெடுவுக்குப் பயந்து பயந்து, பெற்ற பெண்ணைப் பொய்க்குக் கூட்டாளி ஆக்கிவிட்டோமே என்று வெட்கத்தில் காது எரிந்தது. கதவைத் திறந்து இறங்கி நேரே ஜனெலிடம் போனான்.

"ரிவர்ஸ் கிடையாது. மூணாவது கியரும் நழுவுது. மூணு தடவையும் லேட்டானது அதனாலதான்."

"இந்தச் சவப்பெட்டியிலயா என் புள்ளைங்கள ஏத்திக்கிட்டுத் திரிஞ்சே?"

"ஆமா. நீயே கூட்டிட்டுப் போயிடு. கோர்ட்டுக்குப் போறதுன்னாலும் போ. மேரன் எனக்காகப் பொய் சொல்லப் பழகியிருக்கா, ஜனெல். அது எனக்கு வேண்டாம்."

ஜனெல் வேனுக்குப் போய், "ரெண்டு பேரும் எறங்குங்க, நம்ம கார்ல ஏறுங்க" என்றாள். போஸி அழ ஆரம்பித்தது. ஹார்லனே பைகளை எடுத்துப்போய் அவள் காரில் வைத்தான். திரும்பிப் பார்த்தால் ஜனெல் வேனின் ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்திருந்தாள்.

"நியூட்ரல்ல போட்டுட்டேன். என்ன பார்த்துக்கிட்டு நிக்கிறே? தள்ளு!"

அவன் இரண்டு கைகளையும் வேனின் முகப்பில் வைத்துத் தள்ளினான். அசையவில்லை. மேரன் காரிலிருந்து ஓடிவந்து தோள் கொடுத்தாள். வேன் மெல்லப் பின்னால் நகர்ந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஜனெல் முகம், இந்தப் பக்கம் அவன் முகம். மூன்று வருஷமாக ஒருவரை ஒருவர் நேராகப் பார்க்காமல் பிள்ளைகளைக் கைமாற்றிக்கொண்டவர்கள். இப்போது திரும்பிக்கொள்ள வழியில்லை. அவள் உதடு அசைந்தது.

"என்ன?" என்று மூச்சிரைக்கக் கேட்டான்.

அவள் பக்கக் கண்ணாடியை இறக்கினாள். "நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு விழுந்து வைக்காதேன்னு சொன்னேன்!"

டிரெய்லரைத் தாண்ட இடம் கிடைத்ததும் பிரேக் போட்டு இறங்கினாள். சாவியை அவன் கையில் வைத்தாள்.

"முன்னாடி நீ போ. நாப்பதைத் தாண்டாதே. புள்ளைங்களை உன் வீட்ல நான் கொண்டாந்து விடறேன்."

முப்பதாம் எண் சாலையில் வேன் அலறிக்கொண்டு ஊர்ந்தது. அதை ஒட்டியே, எச்சரிக்கை விளக்குகளைச் சிமிட்டிக்கொண்டு ஜனெலின் கார் வந்தது. வீடுவரைக்கும் லாரிக்காரர்கள் அடித்த ஹாரனெல்லாம் அவளுக்குத்தான் விழுந்தது.