ஒரே லாரியில் வந்த பழங்கள்

கோவர்த்தனன் அலுவலகத்துக்கு வந்ததும் முதலில் ஜன்னலைச் சாத்துவான். பிறகு ஈரத்துணியால் மேசையைத் துடைப்பான். விரல்களை முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் விசைப்பலகையைத் தொடுவான். பாகாலாவுக்கு அருகே சித்தூர் சாலையில் இருந்த அந்த மாங்கூழ்த் தொழிற்சாலையில் பருவம் முழுதும் அழுகல் நெடி அடிக்கும். வெளிநாடுகளுக்கு டப்பாக்கள் கப்பலேறத் தொடங்கியதிலிருந்து அந்த நெடியும் பெருத்துவிட்டது. புத்தூர்ப் பக்கத்துத் தோட்டக்காரர் வீட்டில் பிறந்தவன்தான். ஆனால் சென்னையில் கணினி வேலை பார்த்துத் திரும்பியபின், பழச்சாறு வழியும் கையைக் கண்டாலே அவனுக்குக் குமட்டும்.

அவன் அமைத்த அறிக்கை மட்டும் துடைத்துவைத்தாற்போல் இருக்கும். எந்தத் தோட்டக்காரர் எவ்வளவு பழம் அனுப்பினார் என்பதை ஒரே திரையில் காட்டும். திருப்பதித் தலைமை அலுவலகம் அதைப் பார்த்துத்தான் கொள்முதல் செய்தது.

ஒருநாள் மேலாளர் சிவசங்கரன் வந்து நின்றார்.

"அழுகலை யாரு அனுப்புறான்னு திருப்பதில கேக்கறாங்கப்பா. அழுகல் கணக்கு டேபிளையும் லாரிக் கணக்கு டேபிளையும் இதோட சேர்த்துடு."

"அழுகல் லாரி நம்பர்லதான் சார் பதிவாவுது. ஆள் பேர்ல இல்ல."

"லாரி நம்பரை வெச்சே சேர்த்துடு. சாயந்தரத்துக்குள்ள வேணும்."

சேர்த்தான். புத்தூர்ப் பக்கத்துப் பெயர்கள் அத்தனையும் அழுகல் மிகுந்தவையாகத் திரையில் சிவந்தன. 'நம்ம ஊர்க்காரங்களே இப்படியா' என்று முகம் சுளித்தானே தவிர, சரிபார்க்கவில்லை. சிவந்த பெயர்களின் பழத்தை இறக்கக் கூடாதென்று வாயிலுக்கு உத்தரவு போயிற்று.

மறுநாள் வாயிலில் அவன் ஊர் வெங்கடலட்சுமி நின்றிருந்தாள்.

"நேத்துலருந்து லாரியிலயே கெடக்குது நைனா. இன்னிக்கு எறக்கலன்னா பன்னிதான் துன்னும்."

"உங்க பழம் அழுகல்னு ரிப்போர்ட்ல வருது, சின்னம்மா."

"ரிப்போர்ட்டு மோந்து பாத்துச்சா? ஏறி நீயே மோந்து பாரு."

மூக்கில் கைக்குட்டையை வைத்துக்கொண்டு ஏறினான். சுண்ணாம்புப் புள்ளியிட்ட அவள் பெட்டிகளில் தோத்தாபுரி மாம்பழம் கெட்டியாக, மணமாக இருந்தது. செம்மண் கோடிட்ட பெட்டிகளிலிருந்துதான் சாறு ஒழுகிற்று.

"இது யாருது?"

"பச்சையப்பன் மாமாது. நாலு வூடு சேந்து ஒரு லாரி வெச்சிக்கினுதானே வரோம்? பட்டணம் போயி மறந்துட்டியா?"

மறந்துதான் போயிருந்தான். சிறுவயதில், லாரியில் கலந்துவிடாமலிருக்க அவன் வீட்டுப் பெட்டிகளுக்கு அடையாளம் வைத்ததே அவன் விரல்தான்.

ஒரு மாமரத்தில் கிளியும் அணிலும் வௌவாலும் குடியிருந்தனவாம். வௌவால் கடித்துப்போட்ட பழங்களை எண்ண வந்த கரடி, அவ்வளவையும் கிளியின் பேரில் ஒருமுறை, அணிலின் பேரில் ஒருமுறை, வௌவாலின் பேரில் ஒருமுறை எழுதிக்கொண்டது. கடிபட்டவை மரம் காய்த்ததைவிட மிகுந்துவிட்டன. கரடி கூட்டிப் பார்க்கவில்லை. பட்டியல் நீண்டதே என்று பூரித்துப்போயிற்று. கோவர்த்தனனின் அறிக்கையும் லாரியின் அழுகல் முழுவதையும் அதில் வந்த ஒவ்வொரு வீட்டின் தலையிலும் கட்டியிருந்தது. இத்தனை நாள் பழத்தின் மேலிருந்த அருவருப்பு இப்போது அவன் கைகளின் மேலேயே திரும்பியது.

மேலாளரிடம் போனான்.

"கூட்டிப் பாத்தா, வந்த பழத்தைவிட அழுகல் ஜாஸ்தியா வருது சார். தப்பு என்னுது."

"திருப்பதிக்குப் போயிட்டுதேப்பா. அடுத்த வாரம் கமுக்கமா மாத்திக்கலாம்."

"அடுத்த வாரம் அந்தப் பழம் இருக்காது சார்."

அவர் வாய் திறக்குமுன் மேசைக்குப் போய், சேர்த்த அட்டவணைகளை நீக்கினான். நேற்றைய அறிக்கை தவறு என்பதையும் அது எப்படி நேர்ந்தது என்பதையும் திருத்திய அறிக்கையின் உச்சியில் தன் பெயரிட்டு எழுதித் திருப்பதிக்கு அனுப்பினான். அதைப் படித்த சிவசங்கரன் பெருமூச்சு விட்டார்.

"பேரே போட்டுட்டே. எறக்கச் சொல்லு, போ."

இறக்குகிறவர்கள் வேறு லாரிக்குப் போய்விட்டிருந்தார்கள். கோவர்த்தனன் கைக்குட்டையைச் சட்டைப்பைக்குள் திணித்துவிட்டு லாரியில் ஏறினான். ஒழுகிய பெட்டிகளை முதலில் தோளில் ஏற்றிக் குப்பைமேட்டில் கொட்டினான். புளித்த சாறு கழுத்துவழியே முதுகில் இறங்கியது. துடைத்துக்கொள்ளாமலே சுண்ணாம்புப் புள்ளிப் பெட்டிக்குக் கை நீட்டினான்.

"வெள்ளச் சட்ட பாழாப்போச்சே நைனா," என்றாள் வெங்கடலட்சுமி.

"கெடக்கட்டும் சின்னம்மா. அந்தப் பக்கம் புடிங்க."