ஒரு படி கல் உப்பு

ஆறடி நீள மீன் தொட்டிக்குள் தலையைக் கவிழ்த்துக்கொண்டு விடியற்காலையிலிருந்து புல் நட்டுக்கொண்டிருந்தான் சங்கிலி. வயலில் நாற்று நடுகிறவர்களுக்காவது குனிந்தால் காற்று வரும். இவனுக்கு நாலு பக்கமும் கண்ணாடிச் சுவர். நீள இடுக்கியில் ஒரு துளிர், கறுப்பு மண்ணில் ஒரு குத்து, பக்கத்தில் இன்னொன்று. இடுப்பு விட்டுப்போயிருந்தது. முந்தா நாளே வரவேண்டிய செடிப் பார்சல் நேற்று மாலைதான் பஸ்ஸில் வந்து இறங்கியது. இனியும் ஈரக் காகிதத்துக்குள் கிடந்தால் அத்தனையும் அழுகிவிடும்.

அதுவும் இன்றைக்குத்தானா? உசிலம்பட்டியில் தங்கச்சி முத்துமீனாவின் மகளுக்கு இன்றைக்குக் காதுகுத்து. பத்தரைக்குள் நல்ல நேரம். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். அந்த மாமன் இவன் ஒருவன்தான். அவளுடைய மூத்த பயலுக்குக் குத்தியபோதும் இப்படித்தான் கோயம்புத்தூரில் ஒரு தொட்டியோடு மாட்டிக்கொண்டான். பிள்ளையை யாரோ ஒரு பங்காளி மடியில் வைத்தார்கள். "ஒங்க அண்ணனுக்கு மீனுதான் சொந்தம்" என்று மாப்பிள்ளை பீமாராவ் வீட்டில் இன்றுவரை முத்துமீனாவைச் சொல்லிக் காட்டுகிறார்கள். இந்தத் தடவையும் போகாவிட்டால் அவள் அந்த வீட்டில் தலை நிமிர முடியாது. எட்டு மணிக்குக் கிளம்பிவிடலாம் என்றுதான் வேலையில் உட்கார்ந்தான். வேலைக்காரன் போடுகிற கணக்கு என்றைக்கு ஒத்து வந்திருக்கிறது?

தொட்டி இருந்த வீடு மதுரை கே.கே. நகரில். வீட்டுக்காரம்மா கனகலட்சுமி பள்ளிக்கூட டீச்சர். தங்கமான மனுஷி. அதுதான் தொல்லையாகிப்போனது.

எட்டு மணிக்குப் புல் முடிந்தது. வேர்க்கட்டையும் ஆற்றுக் கல்லும் முன்பே வைத்தாயிற்று. போர் தண்ணீர் உப்பு என்று நல்ல தண்ணீராக லாரியில் வரவழைத்து மாடித் தொட்டியை நிரப்பியிருந்தான். புல்லின் மேல் பிளாஸ்டிக் தாளை விரித்து, அதன்மேல் குழாயை மெதுவாக ஒழுகவிட்டான். வேகமாக விட்டால் நட்டதெல்லாம் பிடுங்கிக்கொண்டு மிதக்கும். தண்ணீர் பாதி ஏறியதும் தாளை எடுத்துவிட்டுக் கைகால் கழுவப் போனான்.

திரும்பி வந்தால் தண்ணீர் மஞ்சளாக இருந்தது.

கனகலட்சுமி காலிப் படியைக் கையில் வைத்துக்கொண்டு சிரித்த முகமாக நின்றாள். "குடிபோறப்ப மொத மொதல்ல உப்பும் மஞ்சளுந்தான தம்பி கொண்டு போவோம்? மீனுகளுக்கும் இது புது வீடுதான. நெறைபடியாவே போட்டுட்டேன்."

ஒரு படி கல் உப்பு, பச்சைப் புல்லின் மேல் வெள்ளை வெள்ளையாகக் கிடந்து கரைந்துகொண்டிருந்தது. உப்புத் தண்ணீர் ஆகாதென்றுதான் லாரியே பிடித்தான். அவனுக்குக் கத்தத் தோன்றவில்லை. அழுகைதான் வந்தது, அதற்கும் தெம்பில்லை.

"அக்கா, இது நல்ல தண்ணிச் செடி. இம்புட்டு உப்பு பட்டா கூழாப் போயிரும்," என்று மட்டும் சொல்லிவிட்டு, குழாயின் ஒரு முனையைத் தொட்டிக்குள் போட்டு வாயால் உறிஞ்சித் தண்ணீரை வெளியே இழுத்தான். நாக்கில் உப்பு கரித்தது, மஞ்சள் கசந்தது. அவள் முகம் செத்துப்போயிற்று.

அப்படியே விட்டுவிட்டுக் கிளம்பியிருக்கலாம். செடி செத்தால் உப்புப் போட்டவர் பாடு. ஆனால் நட்ட கை சும்மா போக விடவில்லை, கூறுகெட்ட கை. வடித்தான், மண்ணில் தங்கிய உப்பு போக மறுபடி தண்ணீர் விட்டு அலசினான், மறுபடி வடித்தான். மணி ஒன்பதரை ஆனபோது முத்துமீனா கூப்பிட்டாள்.

"அண்ணே, எங்கிட்டு வாரே?"

"இந்தா, செக்கானூரணி தாண்டிட்டேன்," என்றான், குழாயைக் கையில் வைத்துக்கொண்டு.

"தண்ணிச் சத்தம் கேக்குதுண்ணே." அவள் குரலில் கோபம் இல்லை. அதுதான் இவனைச் சுட்டது. "மாமன் எங்க, மாமன் எங்கன்னு பிள்ள கேட்டுக்கிட்டே இருக்கா. வா."

பக்கத்தில் நின்ற கனகலட்சுமி கேட்டாள். "என்ன விசேஷம் தம்பி?"

"தங்கச்சி மகளுக்குக் காதுகுத்து. நான்தான் மாமன்."

"நல்லாருக்கே தம்பி. தாய்மாமன் நீங்க, இங்க ஒக்காந்து உப்பு வடிச்சுக்கிட்டிருக்கீங்க. கொழாயக் குடுங்க. கெளம்புங்க மொதல்ல."

"வேகமா விட்டா வேரு பிடுங்கிரும்க்கா."

"பிடுங்குனா நாளைக்கு வந்து நடுங்க. சாயங்காலம் வரைக்கும் சொட்டுச் சொட்டா நான் விடுறேன்." சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, பிளாஸ்டிக் தாளை அவளே விரித்தாள்.

ஈரச் சட்டையோடு வண்டியை முறுக்கினான். உசிலம்பட்டியில் கோயில் மண்டபத்துக்குள் நுழைந்தபோது பதினொன்று தாண்டியிருந்தது. பந்தி நடந்துகொண்டிருந்தது. மாப்பிள்ளை வீட்டார் ஒருவர்கூட இவனை வா என்று கேட்கவில்லை. காது குத்தும் ஆசாரி ஓரமாக டீ குடித்துக்கொண்டிருந்தார். தூணோரம் மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள் முத்துமீனா. பிள்ளையின் மொட்டைத் தலையில் சந்தனம் காய்ந்திருந்தது. இடது காதில் தோடு ஏறிச் சிவந்து வீங்கியிருந்தது. வலது காது வெறுமனே இருந்தது.

"நேரம் போகுதுன்னு ஒத்தக் கால்ல நின்னாக. ஒரு காத எம் மடியில வச்சுக் குத்த விட்டேன்," என்றாள். "இந்தக் காது எங்கண்ணனுக்குன்னு சொல்லிட்டேன். எம்புட்டு நேரமானாலும் மாமன் வரட்டும்னுட்டேன்."

சங்கிலி தரையில் உட்கார்ந்து மடியை விரித்தான். மறு காது மாமன் வந்தப்புறம், மாமன் வந்தப்புறம் என்று எல்லாரும் சொன்னதை அந்தப் பிள்ளையும் அம்புட்டு நேரம் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறது. ஆசாரி டீ டம்ளரைக் கீழே வைப்பதற்கு முன்பே, இவன் முகத்தைப் பார்த்ததும் வீறிட்டது.

தண்ணீரில் ஊறிச் சுருங்கிய விரல்களால் அதன் தலையைப் பிடித்துக்கொண்டான். "அழுகாத ஆத்தா, மாமன் வந்துட்டேன்ல," என்றான்.

அது அழுததே மாமன் வந்துவிட்டதால்தான்.