தள்ளி நின்னு பாருங்க

பத்தாம் வகுப்பில் பெயர் கூப்பிடும்போது 'உள்ளேன் அய்யா' என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. முதல் பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தேன். வாத்தியார் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே ஆப்சென்ட் போட்டார். வருகை போதாது என்று பரீட்சை எழுத விடவில்லை. கொஞ்ச வருஷம் வீட்டில் இருந்துவிட்டு ஆம்பூரில் ஒரு தோல் கம்பெனிக்கு வந்தேன். நிறம் அடித்த தோலைக் கொக்கியில் மாட்டுவது வேலை. தோல், தலைக்கு மேல் ஓடும் சங்கிலியில் சூட்டுக் கூண்டுக்குள் போய், காய்ந்து, செக்கிங் மேசைக்குப் போகும். யாரிடமும் பேச வேண்டியதில்லை.

ஆயில் பெயின்டிங்கை போனில் பார்த்துக் கற்றுக்கொண்டேன். பார்த்து வரைய எடுத்தது ஒரு பழைய பிரெஞ்சு ஓவியம். மாடியிலிருந்து பார்த்த தெரு, குதிரை வண்டிகள், புகைபோக்கிகள், கூட்டம். எல்லாமே புள்ளி. "நிறத்தைக் கலக்காதீங்க, பக்கத்துல பக்கத்துல வைங்க. தள்ளி நின்னா கண்ணே கலக்கிக்கும்" என்றார் வீடியோவில் சொல்லிக்கொடுத்தவர்.

"கண்ணு கலங்கும்தான், இந்த டர்பன்டைன் நாத்தத்துக்கு" என்றாள் அம்மா.

கேன்வாஸுக்குப் பதில், கழித்துப்போட்ட ஒரு முழு ஆட்டுத் தோல். கழுத்துப் பக்கம் வானம், வால் பக்கம் ரயில் நிலையம். தோலுக்கு நாலு கால் இருந்ததால் ஊருக்கு நாலு சந்து கூடுதலாக வைத்தேன்.

மழைக்காலம். காயவே இல்லை. தெரியாமல் சாய்ந்த அம்மாவின் முதுகில் ஒரு குதிரை வண்டி ஒட்டிக்கொண்டு ரேஷன் கடை வரை போய் வந்தது. "இந்த வூட்ல அது இருக்கணும், இல்ல நான் இருக்கணும்" என்று சொல்லிவிட்டாள்.

மறுநாள் என் ஊரையும் கொக்கியில் மாட்டி அனுப்பினேன். கூண்டை விட்டு வெளியே வந்ததும் எடுத்துவிடலாம் என்று நினைத்தேன். அந்த நேரம் பார்த்து ஒரு லாரித் தோல் வந்து இறங்கியது. நான் ஓடிப்போனபோது அது செக்கர் பரணிதரன் சார் மேசையில் இருந்தது.

குறை இருக்கும் இடத்தில் ஸ்டிக்கர் ஒட்டுவது சார் வேலை. கீறலுக்குச் சிவப்பு, நிறம் மாறினால் மஞ்சள், கறைக்கு நீலம். ஒன்றையும் விட மாட்டார். அன்றைக்கு ஒவ்வொரு புள்ளிக்கும் ஒன்று ஒட்டினார். தீர்ந்துபோய் ஸ்டோரிலிருந்து வரவழைத்து ஒட்டினார்.

"தோல்ல குறை பாத்துக்கீறேன். இன்னாப்பா இது, குறையில தோல் கீது! மூர்த்தி, பஃபிங்ல போடு!"

பஃபிங் மெஷின் மேலே இருப்பதையெல்லாம் சுரண்டித் தூளாக்கிவிடும். மூர்த்தி அண்ணன் அதை ஓடவிட்டார்.

"யாரு மாட்னது இத?" என்றார் சார்.

என்னோடு கொக்கி மாட்டும் இரம் இடுப்பில் கிள்ளினாள். "சொல்லுடி. வாயில இன்னா, கொக்கி மாட்டிக்கினு கீதா?"

மூர்த்தி அண்ணன் ரயில் நிலையத்தை மெஷின் உருளைக்குக் கிட்டே கொண்டுபோனார்.

"உள்ளேன் அய்யா!" என்றேன்.

எல்லோரும் திரும்பினார்கள். மெஷின் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

"இன்னாது?"

"நான்தான் சார். தள்ளி நின்னு பாருங்க."

சார் ஓரடி பின்னால் போனார். "ஸ்டிக்கர்தான் தெரியுது."

"இன்னும் சார்."

ஸ்டிக்கரால் புள்ளி பெரிதாகிவிட்டதால் தூரமும் பெரிதாக வேண்டியிருந்தது. மூர்த்தி அண்ணன் தோலைத் தூக்கிப் பிடித்தார். மற்ற எல்லோரும் பின்னாலேயே நடந்தோம். கதவைத் தாண்டி, சைக்கிள் ஷெட்டைத் தாண்டி, கேட்டைத் தாண்டி. வாட்ச்மேனும் எதற்கென்று கேட்காமல் பின்னால் நடந்தார்.

"இன்னா தெரியுது? யாராச்சும் சொல்லுங்கப்பா!" என்று உள்ளே மூர்த்தி அண்ணன் கத்தினார்.

கேட்டுக்கு நேர் எதிரே இருந்த டீக்கடைக்கு வந்ததும் சார் நின்றார். "மூர்த்தி, மெஷின ஆஃப் பண்ணு! ஊருய்யா அது!"

வண்டி, புகைபோக்கி, கூட்டம், நாலு சந்து. சார் கண்ணைத் துடைத்தார்.

"இன்னா சார், கலங்குதா?" என்றாள் இரம்.

"கலக்குதும்மா."

அப்புறம் கண்ணைச் சுருக்கினார். செக்கர் இல்லையா. "அந்த மூணாவது சந்துல ஆளே இல்லியே. காலியா கீது." சட்டைப் பையில் மிச்சமிருந்த நீல ஸ்டிக்கரை என் விரலில் ஒட்டினார். "போ, ஒரு ஆள வச்சுட்டு வா."

போய் ஒட்டினேன். சார் டீக்கடையிலிருந்து கையை ஆட்டி என்னவோ சொன்னார். கேட்கவில்லை.

"தெரியுதா சார்?" என்று கத்தினேன், டீக்கடை வரைக்கும் கேட்கிற மாதிரி.