திருப்பி வாங்கிய கோட்டுகள்

காலை ஏழு மணிக்கே தீவிலுள்ள வண்டூர் மீன் தொழிற்சாலையின் குளிர் அறை வாசலில் மேற்பார்வையாளர் மரகதம் முப்பது தொழிலாளர்களை நிறுத்திப் பாடம் நடத்திக்கொண்டிருந்தாள். அங்கே உறைய வைக்கும் சூரை மீன் ஒரு பன்னாட்டு நிறுவனத்தின் பெயரில் வெளிநாடு போகிறது. அந்த நிறுவனத்தின் ஆய்வாளர் அன்று வருகிறார்.

"மேடம் இந்தியிலதான் கேப்பாங்க. கோட்டு தினமும் கிடைக்குதான்னு கேட்டா?"

"ஹாங் மேடம், ரோஜ் மில்தா ஹை!" என்று, தினமும் கிடைப்பதாக எல்லோரும் ஒப்பித்தார்கள்.

உண்மையில் குளிர் தாங்கும் கோட்டும் கையுறையும் முந்தின நாள் கப்பலில்தான் வந்திருந்தன. அதுவரை இரண்டு சட்டையை மாட்டிக்கொண்டுதான் உள்ளே போவார்கள். அவர்களில் ராக்கப்பனுக்கு இரண்டு விரல் நுனிகள் குளிரில் கறுத்தே போய்விட்டன. அவனை அன்று வரவேண்டாம் என்று சொன்னவளும் மரகதம்தான். மேலாளர் ஜெகநாதன் சொல்லச் சொன்னார், சொன்னாள். ஆர்டர் கைவிட்டுப் போனால் முப்பது வீட்டில் அடுப்பு எரியாதே!

ஆய்வாளர் ஸ்வப்னா வந்தார், சுற்றிப் பார்த்தார், கேட்டார். யாரும் பதிலில் பிசகவில்லை. அன்று மதியம்வரை ஒருவரும் கையைத் தேய்த்துக்கொண்டு வெளியே ஓடிவரவுமில்லை.

ஸ்வப்னா அலுவலகத்தில் அறிக்கை எழுத உட்கார்ந்ததும் ஜெகநாதன் காலி அட்டைப்பெட்டிகளோடு வந்தார்.

"எல்லாத்தையும் மடிச்சு வாங்கிடு மரகதம். வாடகைக்கு எடுத்தது, மெயின்லேண்டுக்குத் திருப்பி அனுப்பணும்."

"இருக்கட்டுமே சார். இன்னைக்குத்தான் கை மரத்துப்போகாம வேலை செஞ்சாங்க."

"கம்பெனிக்காரன் வருஷா வருஷம் ரேட்டைக் குறைக்கிறான். கோட்டு வாங்கப் பணத்துக்கு நான் எங்க போறது?"

தொழிலாளி நல்லதம்பி தன் கோட்டைக் கழற்றி அவளிடம் நீட்டினான். "இந்தாங்கக்கா. அடுத்த வாரம் நம்மள்ல யாருக்கு விரல் கறுக்குதோ, அவனையும் வீட்லயே இருக்கச் சொல்லிடுங்க."

கோட்டின் உள்ளே அவன் உடம்புச் சூடு இன்னும் இருந்தது. மரகதத்தால் அதை மடிக்க முடியவில்லை. கையில் பிடித்தபடியே அலுவலகத்துக்குள் போனாள்.

"மேடம், நாங்க சொன்னதெல்லாம் பொய்," என்று இந்தியில் ஆரம்பித்தவள், ராக்கப்பனைப் பற்றியும் சொல்லி முடித்தாள். ஓடிவந்த ஜெகநாதன் கத்தினார். அவள் நிறுத்தவில்லை. "இவரை மட்டும் எழுதாதீங்க. நீங்க ரேட்டைக் குறைக்கிறீங்க, இவரு எங்க கோட்டைக் கழட்டுறாரு. ரெண்டையும் எழுதுங்க."

ஸ்வப்னா எழுதியதை அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்கினார்.

அறிக்கை போனதும் ஆறு வாரம் ஆர்டர் நின்றது. பலர் மரகதத்தோடு பேசுவதையே நிறுத்தினார்கள். நல்லதம்பியின் மனைவி நடுத்தெருவில் வைத்து, "உன் வாயால எங்க சோறு போச்சு" என்று திட்டினாள். மரகதம் அழுதுகொண்டே வீட்டுக்கு நடந்தாள்.

ஏழாவது வாரம் நிறுவனத்தின் கடிதம் வந்தது. எல்லோருக்கும் கோட்டு, அரைமணிக்கு ஒருமுறை ஓய்வு, ராக்கப்பனுக்கு மருத்துவச் செலவு. அதற்காக மீனுக்குத் தரும் விலையையும் நிறுவனம் கொஞ்சம் கூட்டியிருந்தது. ராக்கப்பனின் விரல் நுனிகள் மட்டும் மீளவில்லை.

வேலை மறுபடி தொடங்கிய அன்று ஜெகநாதன் அவளைத் தனியே அழைத்தார். "ரேட்டைக் கூட்டச் சொல்லி நான் ஒரு தடவைகூடக் கேக்கல மரகதம். கேட்டா வேற ஊருக்குப் போயிடுவாங்கன்னு பயம்."

"எனக்கும் அதே பயம்தான் சார். அந்தப் பயத்துலதான் நாம எல்லாரும் சேர்ந்து பொய் சொன்னோம், ராக்கப்பன் விரல் போச்சு. வேலை குடுக்குறவங்க எவ்வளவு பெரியவங்களா இருந்தாலும், செய்யுறவன் உடம்பைக் கெடுத்து லாபம் பாக்க விடக்கூடாது. விட்டா, அந்தத் தப்புல நமக்கும் பங்கு இருக்கு."