பொம்மையின் கன்னம்

1

“உனக்கு வயித்தெரிச்சலாடி?” என்று அக்கா கேட்டாள். இந்தக் கதை அந்தக் கேள்வியில் பிறந்தது. பதில் எனக்குத் தெரியும். ஆனால் ‘ஆமாம்’ என்று எழுதினால் கதை அங்கேயே முடிந்துவிடும்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘என் அக்கா தங்கமானவள், அவளை எல்லோருக்கும்...’ (வேண்டாம். பல்லைக் கடித்துக்கொண்டு எழுதிய வரி என்று உங்களுக்குத் தெரிந்துவிடும்.)

2

அக்காவுக்கு ஒரு பெண் குழந்தை. தெருவே அதைப் பொம்மை என்று கூப்பிடும். உப்பிய கன்னம், வெளிறிய செம்பட்டை முடி. அக்கா அதை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தால் அம்மா கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓடுவாள். நான் படிப்பை நிறுத்தியதிலிருந்து வீட்டு வேலை முழுக்க என் தலையில். என்னைப் பார்த்து அம்மா ஓடி வந்ததே இல்லை.

பக்கத்து வீட்டுத் தையல்காரம்மா கன்னத்தைக் கிள்ளினார். “கொழுகொழுன்னு இருக்காளே! என்னடி குடுக்கிற?”

“வெறும் கஞ்சித் தண்ணிதான். பால் குடிச்சா வயித்தால போகுதுன்னு மாமியார் நிறுத்திட்டாங்க. தண்ணிக்கே இப்படின்னா, பாலும் குடுத்தா தூக்கறதுக்கு ஆள் வைக்கணும்!”

எல்லோரும் சிரித்தார்கள். பொம்மை சிரிக்கவில்லை.

(இந்த இடத்தில் கதைசொல்லியின் மேல் எனக்கே சந்தேகம். பொறாமைக்காரியின் கண்ணை யார் நம்புவார்கள்? ஆனால் ஆசையாகப் பார்த்தவர்கள் கன்னத்தோடு நின்றுவிட்டார்கள். குறை தேடியவள்தான் பொம்மையின் காலுறையைக் கழற்றினாள்.)

3

காலுறையின் பட்டி பதிந்த இடம் பள்ளமாகவே நின்றது. பாதம் பளபளவென்று வீங்கியிருந்தது. சட்டையை விலக்கினால் தோளில் எலும்புதான். என் விரலை நீட்டினேன்; குழந்தை அதைப் பற்றிக்கொள்ளவில்லை, அழவும் இல்லை.

இதே போன்ற பாதத்தைச் சுகாதார நிலையத்தில் பார்த்திருக்கிறேன். “இது சதை இல்லம்மா, நீர். சத்தில்லாமதான் வீங்குது. இப்படியே விட்டா உயிருக்கே ஆபத்து” என்று நர்ஸ் ஒரு தாயிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

எனக்கு முதலில் வந்தது பயமல்ல. ‘அப்பாடா.’ (இந்த வரியை அடித்தேன். திரும்பவும் எழுதினேன். பயம் அதற்கு அப்புறம் வந்தது, நிறைய.)

“அக்கா, இது வீக்கம். இன்னிக்கே நர்ஸ்கிட்ட காட்டு.”

அப்போதுதான் அக்கா முதல் வரியில் இருக்கும் அந்தக் கேள்வியைக் கேட்டாள். அம்மாவும் சேர்ந்துகொண்டாள்: “புள்ள மேல கண்ணு வைக்காதடி!”

4

முடிவுகள்:

அ) அக்கா என்னைக் கட்டிக்கொண்டு அழுகிறாள். அம்மா முதல்முறையாக என்னை... (ஆசை. பொய்.)

ஆ) நான் வாயை மூடிக்கொள்கிறேன். பொம்மை... (இதை எழுதமாட்டேன்.)

இ) நடந்தது இது. “ஆமாக்கா, வயித்தெரிச்சல்தான். பத்திக்கிட்டு எரியுது. அதுக்காக அவ கால் வீங்குமா? நீயே அமுக்கிப் பாரேன்.”

அக்கா கட்டைவிரலால் பாதத்தை அழுத்தினாள். எடுத்தாள். குழி அப்படியே இருந்தது. “குளிர்ல அப்படித்தான்...” என்று ஆரம்பித்த அம்மா பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

எங்கள் வாசலில் இறங்கினால் இடப்பக்கம் சுகாதார நிலையம், வலப்பக்கம் மாமியார் வீடு. அக்கா எந்தப் பக்கம் திரும்பினாள் என்று பார்க்க நான் ஜன்னலுக்குப் போகவில்லை. நீங்கள் வேண்டுமானால் எட்டிப் பாருங்கள். அக்கா பொம்மையை மார்போடு அணைத்துக்கொண்டு, செருப்புகூடப் போடாமல் வெளியே போனாள்.