ஒட்டிக்குமோ என்றொரு பயம்

சைக்கிள் கடை மாடியில் இருந்த அந்த வீட்டைப் பற்றிப் பேச்சு வந்தால் இன்றைக்கும் அவள் முகம் மலர்ந்துவிடும். பெரிய வீடு ஒன்றும் இல்லை. ஒரு படுக்கையறை, ஆள் நீட்டிப் படுத்தால் கால் சமையல் மேடையில் இடிக்கிற ஒரு கூடம், அவ்வளவுதான். கல்யாணமான புதிதில் அங்கேதான் குடித்தனம் வைத்தார்கள்.

அவர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டினார். கூட்டாளிகள் வைத்த பெயர் நெட்டை. மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்தும் வேலை அவளுக்கு. அதனால் அவளை அவர் கண்ணாடி என்றுதான் கூப்பிடுவார். படி ஏறும்போதே, "கண்ணாடி, பசி உயிர் போகுது!" என்று தெருவுக்கே கேட்கக் கத்துவார். ஒரே தம்ளரில் இருவரும் டீ குடித்த காலம் அது.

இரண்டாம் வருஷம் மனுஷர் ஆளே மாறிப்போனார். முதலில் தம்ளர் தனியானது. பிறகு சோப்பு, துண்டு. ஒருநாள் பாயைச் சுருட்டிக்கொண்டு கூடத்துக்குப் போனவர் அங்கேயே தங்கிவிட்டார். கேட்டால், "உள்ள புழுக்கமா இருக்கு" என்றார். வெளியே குளிரில் பல் தந்தியடித்துக்கொண்டிருந்தது.

அவர் அடிக்கடி குளியலறைக்கு ஓடுவதும், உட்காரும்போது முகம் சுளிப்பதும் அவள் கண்ணில் படாமல் இல்லை. ஆனால் மனசு அந்தப் பக்கம் போகவே இல்லை. தன்னைப் பிடிக்காமல் போய்விட்டதா, வேறு யாராவது வந்துவிட்டாளா என்றே அது சுற்றிச் சுற்றி வந்தது. அக்கா போனில் விசாரித்தால், "எங்களுக்கென்ன, ஜம்முனு இருக்கோம்" என்பாள். போனை வைத்துவிட்டு, இரண்டு தம்ளரில் தனித்தனியாக டீ ஊற்றுவாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, துவைக்க அவர் துணியை எடுத்தாள். பாய்ந்து வந்து பிடுங்கிக்கொண்டார்.

"தொடாத! என் துணியை நானே துவைச்சுக்கறேன்."

அவளுக்குப் பொறுமை அறுந்துவிட்டது. "இன்னும் எதைத்தான் தனியா வைக்கப் போறீங்க? என்னையும் தனியா வச்சிடுங்க. அக்கா வீட்டுக்குப் போயிடறேன்."

அவர் துணியைக் கையில் பிடித்தபடி சுவரோரம் சரிந்து உட்கார்ந்தார். 

"எனக்குக் கீழ ஒரு நோய் வந்திருக்கு, கண்ணாடி. ஒன்னுக்குப் போனா எரியுது, அடிவயிறு வலிக்குது. உனக்கும் ஒட்டிக்கும்."

"யார் சொன்னா?"

"எங்க துறைமுக மேஸ்திரிதான். புராஸ்டேட் வீக்கமாம். அவர் மச்சானுக்கும் வந்துச்சாம். பொண்டாட்டிகூடச் சேர்ந்தா அவளையும் பிடிச்சுக்கும்னார்."

"மேஸ்திரி எப்போ டாக்டருக்குப் படிச்சார்?"

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளும் சிரித்தாள். சிரிப்பு பாதியிலேயே அழுகையானது.

மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். டாக்டர் ஒரு பெண் என்று தெரிந்ததும் அவர் வாசலைப் பார்த்துத் திரும்பினார். அவள் சட்டையைப் பிடித்து உட்கார வைத்தாள். முதலில் டாக்டர் அவரிடம் மட்டும் தனியாகப் பேசினார். அவள் வெளியே காத்திருந்தாள். கதவு திறந்ததும் அவர் நேராக அவளிடம் வந்தார்.

"வேற யார்கூடவாவது பழக்கம் இருந்துச்சான்னு கேட்டாங்க. இல்லேன்னு சொன்னேன். நீ நம்பறியா?"

"நம்பாமயா கூட வந்தேன்? உள்ள வாங்க."

டாக்டர் பொறுமையாக விளக்கினார். "புராஸ்டேட்டுங்கறது சிறுநீர்ப் பைக்குக் கீழ இருக்கிற ஒரு சுரப்பி, ஆம்பளைக்கு மட்டும்தான் உண்டு. உங்களுக்கு இல்லாத இடத்துல அந்த வீக்கம் எங்கம்மா போய் ஒட்டும்? நிறைய பேருக்கு இந்த வீக்கத்துல கிருமியே இருக்காது. இருந்தாலும் பெரும்பாலும் நம்ம குடல்ல இருக்கிற சாதாரணக் கிருமி, சிறுநீர்ப் பாதை வழியா ஏறிடும்."

"அப்போ ஒட்டவே ஒட்டாதா டாக்டர்?" என்று கேட்டாள்.

"அப்படியும் அடிச்சுச் சொல்ல முடியாது. உடலுறவுல பரவுற கிருமியால வீக்கம் வந்திருந்தா, அந்தக் கிருமி பரவும். அப்போ ரெண்டு பேரும் மருந்து சாப்பிடணும். பரிசோதனை முடிவு வர்ற வரைக்கும் ஆணுறை போட்டுக்குங்க. தம்ளர், சோப்பெல்லாம் ஒண்ணும் பண்ணாது."

முடிவில் அப்படிப் பரவுகிற கிருமி எதுவும் இல்லை. சாதாரணக் கிருமிதான். மாத்திரையை நடுவில் நிறுத்தாமல் சாப்பிடச் சொன்னார்கள். வெந்நீர்த் தொட்டியில் உட்காரச் சொன்னார்கள். ஒரேயடியாகக் குணமாகிவிடவில்லை. வலி போவதும் எட்டிப் பார்ப்பதுமாகச் சில மாதங்கள் படுத்திவிட்டுத்தான் ஓய்ந்தது. ஆனால் பாய் முதல் நாளே உள்ளே வந்துவிட்டது.

பிறகு வேறு வீடு மாறினார்கள், பிள்ளைகள் பிறந்தார்கள், அவர் தலை நரைத்தது. அந்த வருஷத்தை நினைத்தால் அவளுக்கு நோயோ அழுகையோ முதலில் ஞாபகத்துக்கு வருவதில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய பஸ்தான் வரும். ஜன்னலோரம் அவள், பக்கத்தில் அவர். உனக்கு வந்துவிட்டால் என்ன செய்வது, நீ தப்பாக நினைத்துவிட்டால் என்ன செய்வது என்று கிரேன் உச்சியில் தனியாக உட்கார்ந்து பயந்ததையெல்லாம் கொட்டிக்கொண்டே வந்தார். பேச்சு நடுவிலேயே நின்றது. திரும்பிப் பார்த்தால், அவ்வளவு பெரிய உடம்பும் அவள் தோளில் சாய்ந்து குழந்தைபோலத் தூங்கிக்கொண்டிருந்தது. இறங்க வேண்டிய நிறுத்தம் வந்தது. அவள் எழுப்பவில்லை. கடைசி நிறுத்தத்தில் கண்டக்டர் வந்து, "அம்மா, வண்டி இதுக்கு மேல போகாது" என்று சொல்லும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தாள்.